"நாளைக்குப் பாத்துக்கலாம்": குரூப் 4 படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் பாடத்தில் கேட்கும் சந்தேகங்களைவிட "படிக்கணும்னு தெரியுது, ஆனா உக்கார முடியல" என்ற ஒன்றைத்தான் அதிகம் கேட்கிறார்கள். அதே தவிப்பு பல வடிவங்களில் திரும்பத் திரும்ப வருவதால் கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே, இங்கே தொகுத்திருக்கிறோம்.

தேர்வின் அமைப்பு தெரியாதவர்களுக்கு: மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். தமிழ் 100 கேள்விகள், பொது அறிவு 75, திறனறிவு (கணக்கும் பகுத்தறிதலும்) 25. தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 வாங்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். கீழே வரும் கணக்குகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

இது வெறும் சோம்பேறித்தனம்தானே? வீட்டுல அப்படித்தான் திட்டுறாங்க.

இல்லை. சோம்பல் என்றால் எந்த வேலையிலும் கை ஓடாது. தள்ளிப்போடுகிறவரைக் கவனித்துப் பாருங்கள்: கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டிய நேரத்தில் அலமாரியை அடுக்குவார், வண்டியைத் துடைப்பார், நோட்டுக்கு அட்டை போடுவார். உழைப்புக்கு அவர் அஞ்சவில்லை. அந்த ஒரு வேலை தரும் பயம், குழப்பம், சலிப்பு ஆகியவற்றிலிருந்துதான் விலகுகிறார். வள்ளுவரும் இரண்டையும் பிரித்தே வைத்தார். 605ஆம் குறளில் நெடுநீர், மறவி, மடி, துயில் என்று நான்கைத் தனித்தனியே எண்ணுகிறார். நெடுநீர் என்பது காலம் நீட்டித்தல். மடி என்பது சோம்பல்.

தள்ளிப்போடல் ஏன் பழக்கமாகிறது என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று முடிவு செய்த கணமே மனம் லேசாகிறது. அந்த நிம்மதிதான் கூலி. கூலி கிடைத்த செயலை மனம் மறுபடி செய்யும். ஃபூஷியா சிரோய், டிம் பைக்கில் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரையும் இதைத்தான் சொல்கிறது: எதிர்காலத்து நம் தலையில் சுமையை ஏற்றிவிட்டு, இப்போதைய மனநிலையைச் சரிசெய்துகொள்கிறோம். ஆகவே திட்டு இதற்கு மருந்தாகாது. திட்டு வாங்கினால் அந்தப் புத்தகத்தோடு இன்னொரு கசப்பும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

நோட்டிஃபிகேஷன் வந்ததும் மும்முரமா ஆரம்பிச்சுக்கலாம்னு இருக்கேன். போதாதா?

தேதிகளைப் பாருங்கள். 2024இல் ஜனவரி 30 அன்று அறிவிப்பு வந்தது, ஜூன் 9 அன்று தேர்வு. இடையில் 131 நாள். 2025இல் ஏப்ரல் 25 அறிவிப்பு, ஜூலை 12 தேர்வு. இடையில் 78 நாள்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் புத்தகங்களைப் படித்து, ஒருமுறை திருப்பிப் பார்த்து, மாதிரித் தேர்வும் எழுத 78 நாள் யாருக்கும் போதாது. அந்த நாள்கள் திருப்புதலுக்கானவை.

அறிவிப்புக்குக் காத்திருப்பதில் இன்னொரு கோளாறும் உண்டு. தேதி தெரிந்ததும் பயம் கூடுகிறது. பயம்தான் தள்ளிப்போட வைக்கிறது என்று மேலே பார்த்தோம். அதாவது, நீங்கள் தொடங்கத் தேர்ந்தெடுத்திருப்பது தொடங்குவதற்கு மிகக் கடினமான நாளை.

சரி, இன்னிக்கே ஆரம்பிக்கிறேன். ஆனா புத்தகக் கட்டைப் பாத்தாலே மூச்சு முட்டுது. முதல்ல என்ன செய்யணும்?

கட்டைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். மேசையில் ஒரே ஒரு புத்தகம். ஆறாம் வகுப்புத் தமிழ், முதல் பருவம், இயல் 1, முதல் கவிதைப் பாடம். பாடத்தைப் படிக்கும் முன் அதன் கடைசியில் உள்ள மதிப்பீட்டுக் கேள்விகளைப் படியுங்கள். பிறகு அந்த விடைகளைத் தேடிக்கொண்டு பாடத்துக்குள் போங்கள். பத்து நிமிடம் ஆகும். முடிந்ததும் எழுந்துவிடலாம். இன்றைய வேலை முடிந்தது.

பத்து நிமிடத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். பாடம் பெரிதாக ஏறாதுதான். ஆனால் உட்காரும்போது வரும் அந்த முதல் எரிச்சல் உட்கார்ந்த சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறது என்பதை உடம்பு நேரில் பார்த்துக்கொள்கிறது. இரண்டாம் நாள் எளிதாவது இதனால்தான்.

பலருக்கும் இங்கே சறுக்குவது வேலையை எழுதும் விதத்தில். "வரலாறு படிக்கணும்" என்று எழுதினால் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று தெரியாது. தெரியாத இடத்தில் மனம் கால் வைக்காது. "ஏழாம் வகுப்பு சமூக அறிவியல், முதல் பாடம், முதல் நாலு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ரெண்டு கேள்வி எழுதணும்" என்று எழுதுங்கள். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், கையால் என்ன செய்ய வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். முதல் நாள் இரவே எழுதி, புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்து மேசைமேல் வைத்துவிட்டுப் படுப்பது இன்னும் நல்லது. காலையில் முடிவெடுக்கும் வேலை இருக்காது.

காலைல 5 மணின்னு குறிச்சு வச்சிருக்கேன். அந்த நேரம் வந்தா போயிடுது. என்ன கோளாறு?

கடிகாரத்தை நம்பியதுதான் கோளாறு. தண்ணீர் வரும் நாள், கரண்ட் போகும் நாள், விருந்தாளி வரும் நாள் என்று வீட்டில் நேரம் நகர்ந்துகொண்டே இருக்கும். 5 மணி 5.20 ஆனதும் "இனி 6 மணிக்கு" என்று மனம் ரவுண்டாக்கிவிடும். நேரத்துக்குப் பதிலாக, எப்படியும் தினமும் நடக்கிற ஒரு காரியத்தோடு படிப்பைக் கட்டுங்கள். "காபி குடிச்ச டம்ளரைக் கழுவிக் கவுத்ததும், முன் ரூம் நாற்காலியில உக்காந்து நேத்து திறந்து வச்ச பக்கத்தைப் படிப்பேன்." இந்த வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிக் குழாயடியில் ஒட்டுங்கள்.

இது பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் விரிவாக ஆராய்ந்த முறை. "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்ற அமைப்பு அதன் உயிர். 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, வெறும் தீர்மானம் எடுத்தவர்களைவிட இப்படி எழுதியவர்கள் காரியத்தை முடிப்பது கணிசமாகக் கூடியிருந்தது.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. கட்டிய காரியம் தினமும் நடக்காததாக இருப்பது ("அப்பா கடைக்குப் போனதும்" என்றால் அப்பா போகாத நாளில் படிப்பும் இல்லை). ஒரே வாரத்தில் இப்படி ஐந்தாறு வாக்கியங்களை எழுதுவது. ஒன்று போதும், அது பதிந்த பிறகு அடுத்தது. மூன்றாவது, தடை வரும்போது என்ன செய்வதென்று எழுதாமல் விடுவது. "கரண்ட் போனா, வாசப்படியில உக்காந்து இலக்கணம் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன்" என்று அதற்கும் ஒரு வரி வேண்டும்.

25 நிமிஷம் டைமர் வச்சுப் படிக்கிறாங்களே, அது உதவுமா?

தொடங்குவதற்கு உதவும். 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்துத் தனக்காக உருவாக்கிய முறை அது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்ததும் நீண்ட ஓய்வு. பொது அறிவுக்கும் இலக்கணத்துக்கும் சரியாகப் பொருந்தும். காலமும் வேலையும், கூட்டுவட்டி போன்ற கணக்குகளில் ஆழ்ந்திருக்கும்போது மணி அடித்தால் எழ வேண்டாம். அந்தக் கணக்கை முடித்துவிட்டு எழுங்கள்.

டைமருக்குப் போனைப் பயன்படுத்தாதீர்கள். சாதாரண அலாரம் கடிகாரம் போதும். ஐந்து நிமிட ஓய்விலும் போன் கூடாது. தண்ணீர் குடியுங்கள், மாடிக்குப் போய் வாருங்கள். ரீல்ஸைத் தொட்டவருக்கு ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாக இருப்பதில்லை.

போனை ஒதுக்கி வைன்னு ஈஸியா சொல்றீங்க. எனக்கு கிளாஸ், பிடிஎஃப், டெஸ்ட் எல்லாமே அதுலதானே?

நியாயமான கேள்வி. காசு கொடுத்துப் பயிற்சி மையத்தில் சேர முடியாதவர்களுக்கு போன்தான் வகுப்பறை. அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தேடும் நேரத்தையும் படிக்கும் நேரத்தையும் பிரியுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, அந்த வாரத்துக்கான வீடியோக்களைத் தேர்ந்தெடுத்து டவுன்லோட் செய்யுங்கள். பாடத்துக்கு ஒரே ஒரு சேனல். வாரத்துக்குத் தேவையான பக்கங்களை ஜெராக்ஸ் கடையில் இருபுறமும் அச்சிட்டுக்கொள்ளுங்கள். படிக்கும்போது போனை ஃபிளைட் மோடில் போட்டு, டவுன்லோட் செய்த வீடியோவை மட்டும் பாருங்கள். வீடியோ இல்லாத நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும். எழுந்து போய் எடுக்க வேண்டியிருந்தாலே பாதி ஆசை அடங்கிவிடும்.

டெலிகிராம் குரூப்களைத் தயங்காமல் குறையுங்கள். பத்துக் குரூப்பில் இருப்பவர் பத்து மடங்கு படிப்பதில்லை. பத்து இடங்களில் வரும் பிடிஎஃப்பைச் சேமிக்கிறார், கட்-ஆஃப் (வேலை கிடைக்கத் தேவைப்படும் மதிப்பெண்) பற்றிய சண்டையைப் படிக்கிறார், மற்றவர்கள் முடித்துவிட்டதைப் பார்த்துப் பதறுகிறார். ஒன்றை வைத்துக்கொண்டு அதையும் மியூட் செய்யுங்கள்.

வீடியோவுக்கு ஒரு விதி: 20 நிமிடம் பார்த்தால், நிறுத்திவிட்டு 10 கேள்விக்கு விடை எழுத வேண்டும். எழுத முடியவில்லை என்றால் நீங்கள் வகுப்பைக் கேட்கவில்லை, வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள்.

டைம் டேபிள் போடுவேன். மூணாவது நாளே உடைஞ்சிடும். அப்புறம் புது டைம் டேபிள். இதுவே பொழப்பா போச்சு.

நீங்கள் போடுவது அட்டவணை அல்ல, ஆசைப் பட்டியல். மனிதர் எல்லோருமே தங்கள் வேலைக்கு ஆகும் காலத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறோம். 1994இல் ரோஜர் பூலர் குழுவினர் பட்டப்படிப்பின் இறுதிக் கட்டத்தில் இருந்த மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். முடிக்க ஆனது 55 நாளுக்கு மேல். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். எந்தத் தடையும் வராது என்று எண்ணிக் கணக்குப் போட்டார்கள்.

அதனால் முதல் மூன்று நாள் அட்டவணையே போடாதீர்கள். வழக்கம்போலப் படித்து, தொடங்கிய நேரம், முடித்த நேரம், பக்கம் மூன்றை மட்டும் ஒரு நோட்டில் குறியுங்கள். எட்டாம் வகுப்பு அறிவியலில் ஒரு பாடத்தை முடிக்க உங்களுக்கு 50 நிமிடம் ஆனதென்றால், அட்டவணையில் 75 நிமிடம் போடுங்கள். ஒன்றரை மடங்கு. வாரத்தில் ஆறு நாளுக்கு மட்டும் வேலை எழுதி, ஏழாம் நாளைக் காலியாக விடுங்கள். விட்டுப்போனது அங்கே போய்ச் சேரும். அந்தக் காலி நாள் இல்லாத அட்டவணை முதல் கல்யாண வீட்டிலேயே உடைந்துவிடும்.

பாடவாரியாக மணி நேரம் பிரிக்காமல், நாளுக்கு இரண்டு வேலை மட்டும் எழுதுங்கள். ஒன்று கடினமானது, காலையில். மற்றொன்று இலகுவானது, இரவில் (நடப்பு நிகழ்வுகளுக்கு இரவே போதும்). இரண்டும் முடிந்த பிறகு தெம்பிருந்தால் மூன்றாவது. அதை முன்கூட்டி எழுத வேண்டாம். உடைந்தால் புது அட்டவணை போடவும் வேண்டாம். நாளைய வரியிலிருந்து அதையே தொடருங்கள்.

விட்டுப்போன பாடம் மலை மாதிரி நிக்குது. அதை முடிச்சிட்டுத்தானே புதுசுக்குப் போகணும்?

வேண்டாம். பாக்கியை முதலில் அடைக்கப் புறப்பட்டால் இன்றைய பாடமும் பாக்கியாகும், மலை வளர்ந்துகொண்டே போகும். முதலில் இன்றையது. பிறகு பாக்கிக்கு 30 நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை.

எதை முதலில் எடுப்பது என்பதைப் பழைய வினாத்தாள்கள் சொல்லும். கடைசி மூன்று குரூப் 4 வினாத்தாள்களை எடுத்து, விட்டுப்போன பாடம் ஒவ்வொன்றிலிருந்தும் எத்தனை கேள்வி வந்திருக்கிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். ஒரு கேள்வியும் வராத பாடங்களை இப்போதைக்கு அடித்துவிடலாம். தமிழ்ப் பாக்கி எப்போதும் வரிசையில் முன்னால் நிற்கட்டும், காரணம் அந்த 60 மதிப்பெண்.

திங்கக்கிழமையில இருந்து, இல்லன்னா ஒன்னாந்தேதியில இருந்து ஆரம்பிக்கலாம்னு தோணுது. நல்ல நாள் பாக்குறது தப்பா?

தப்பில்லை. விஜயதசமியில் ஏடு தொடங்குகிறவர்கள் நாம். புது வாரம், புது மாதம் தொடங்கும்போது மனிதருக்கு ஊக்கம் கூடுவது உண்மைதான் என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வும் காட்டியது. ஜிம்முக்குப் போகிறவர்களின் எண்ணிக்கை வாரத் தொடக்கத்திலும் மாதத் தொடக்கத்திலும் ஏறியது.

திங்கட்கிழமை தொடங்குங்கள். ஆனால் இன்று, வியாழக்கிழமையே ஆனாலும், மேலே சொன்ன பத்து நிமிடப் பாடத்தை முடித்துவிட்டுக் காத்திருங்கள். இல்லாவிட்டால் திங்கள் வரைக்கும் "ஆரம்பிக்கத்தான் போறோமே" என்ற தெம்பில் நாலு நாள் சும்மா கழியும்.

எல்லா பாடமும் முடிச்சிட்டு மாக் டெஸ்ட் எழுதலாம்னு வச்சிருக்கேன். சரிதானே?

தள்ளிப்போடல் மிக நாகரிகமாக ஒளிந்துகொள்ளும் இடம் இதுதான். "இன்னும் தயாராகல" என்பது பொறுப்பான பேச்சாகக் கேட்கும். உள்ளே இருப்பது மார்க்கைப் பார்க்கும் பயம். எல்லாப் பாடமும் முடியும் நாள் என்று ஒன்று வராது. வந்தாலும் முதலில் படித்தது அதற்குள் மறந்திருக்கும்.

டெஸ்ட் எழுதுவதே படிக்கும் முறைதான். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் மாணவர்களைச் சோதித்தார்கள். ஒரே பகுதியை மறுபடி மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்தினார்கள். உங்கள் தேர்வு ஐந்து நிமிடம் கழித்து நடக்கப்போவதில்லை.

முழு டெஸ்ட் பயமுறுத்தினால் துண்டு போடுங்கள். 3 மணி நேரத்தில் 200 கேள்வி என்றால் கேள்விக்கு 54 விநாடி. 25 கேள்விக்கு 22 நிமிடம். முடித்த பாடத்திலிருந்து மட்டும் 25 கேள்வி, கடிகாரம் வைத்து, ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பி எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து 50, பிறகு 100 கேள்வித் தமிழ்ப் பகுதி முழுவதும். தமிழில் கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம் 40 சரியானால் அந்த 60 வந்துவிடும் என்பதைக் கண்ணால் பார்த்தவருக்குப் பயம் பாதி குறையும்.

எழுதி முடித்ததும் மொத்த மார்க்கை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவிட்டு மறந்துவிடுங்கள். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள்: படிக்கவே இல்லை (ப), படித்தது மறந்தது (ம), கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டது (பு), அவசரம் (அ). 'ம' நிறைய என்றால் புதுப் பாடத்தை நிறுத்திவிட்டுத் திருப்புதல். 'பு' நிறைய என்றால் "பொருந்தாதது எது", "தவறானது எது" என்ற சொல்லுக்கு அடிக்கோடிட்டுப் பழக வேண்டும். இப்படிச் செய்தால் டெஸ்ட் உங்களுக்குத் தீர்ப்பு சொல்வதை விட்டுவிட்டு, அடுத்த வேலை எது என்று சொல்லத் தொடங்கும்.

எனக்கு கடைசி நேர பிரஷர்லதான் நல்லா ஏறும். அது என் இயல்பு.

கடைசி நேரத்தில் பயம் சலிப்பை வென்றுவிடுகிறது, அதனால் உட்கார முடிகிறது. அதை நன்றாக ஏறுகிறது என்று எடுத்துக்கொள்கிறோம். டயான் டைஸ், ராய் பாமெய்ஸ்டர் இருவரும் 1997இல் கல்லூரி மாணவர்களை ஒரு பருவம் முழுக்கக் கவனித்தார்கள். தள்ளிப்போடுகிறவர்கள் தொடக்கத்தில் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள். முடிவில் அவர்களுக்கே மன அழுத்தமும் உடல் உபாதையும் அதிகம், மதிப்பெண்ணும் குறைவு.

கெடு உங்களுக்கு உண்மையிலேயே உதவுகிறது என்றால், கெடுவை அடிக்கடி உண்டாக்குங்கள். வாராந்திர டெஸ்ட் பேட்சில் சேருங்கள். காசில்லாமல் நடத்தும் இடங்களும் உண்டு. நீங்களே உங்களுக்கு வைக்கும் கெடு கொஞ்சம் உதவும், பிறர் வைப்பது அதைவிட உதவும் என்பது 2002இல் டான் ஏரியலி, கிளாஸ் வெர்டன்ப்ரோக் இருவரும் மாணவர்களிடம் கண்டது.

ஒரு மெட்டீரியலை முடிக்கும் முன்னாடியே இன்னொன்னு வாங்கிடுறேன். நோட்ஸ் அழகா எழுதுறதுலயே நாள் போகுது.

வாங்குவதும் எழுதுவதும் படித்த திருப்தியைத் தந்துவிடுகின்றன. பள்ளிப் புத்தகம், பழைய வினாத்தாள், திறனறிவுக்கு ஒரு பயிற்சி நூல், நடப்பு நிகழ்வுக்கு ஒரு மாத இதழ், இவ்வளவு போதும். புத்தகத்தைப் பார்த்து நோட்ஸ் எழுதாதீர்கள். மூடிவிட்டு, நினைவில் நின்றதை அரைப் பக்கத்தில் கிறுக்கலாக எழுதி, விட்டதைச் சிவப்பு மையில் சேருங்கள். அழகாக இருக்காது. ஆனால் சிவப்பு இருக்கும் இடம் மட்டுமே திருப்புதலுக்குப் போதும்.

நான் வேலைக்குப் போறேன். வீட்ல கைக்குழந்தையும் இருக்கு. எனக்கு நேரமே இல்ல. இதுவும் தள்ளிப்போடுறதா?

இல்லை. நேரம் இருந்தும் உட்கார முடியாததுதான் தள்ளிப்போடல். உங்களுக்கு நேரமே இல்லை, அதற்காக உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். குழந்தை, சமையல், வேலை மூன்றையும் சுமக்கும் பெண்ணிடம் "மன உறுதி இல்ல" என்று சொல்பவர்கள் ஒரு நாள் அந்த வேலையைச் செய்து பார்க்கட்டும்.

உங்களுக்கான கணக்கு வேறு. ஒரு வாரம், எப்போதெல்லாம் 15 நிமிடம் தனியாகக் கிடைக்கிறது என்று மட்டும் குறியுங்கள். குழந்தை தூங்கியதும் ஒன்று, பஸ்ஸில் ஒன்று என்று பெரும்பாலும் இரண்டாவது தேறும். நினைவில் ஏற்ற வேண்டியவற்றை (இலக்கணக் குறிப்பு, நூல்-ஆசிரியர், சட்டப் பிரிவுகள்) அதில் வையுங்கள். நீங்களே உங்கள் குரலில் கேள்வியைப் பதிவு செய்து, மூன்று விநாடி இடைவெளி விட்டு, விடையும் சொல்லி வைத்தால் சமைத்துக்கொண்டே கேட்கலாம். கணக்குக்கு மட்டும் பேனாவும் தாளும் உட்காரும் இடமும் வேண்டும். அதற்கு வாரம் மூன்று நாள், 45 நிமிடம், வீட்டில் ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நாளையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள். "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் எதுவும் புரிவதில்லை. ஊரில் கிளை நூலகம் இருந்தால் அந்த நேரத்துக்கு அங்கே போய்விடுங்கள். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடமே உண்டு.

சொந்தக்காரங்ககிட்ட "இந்த வருஷம் பாஸ் பண்ணிடுவேன்"னு சொல்லிட்டா ஒரு வேகம் வருமா?

பெரும்பாலும் குறையும். தங்கள் தீர்மானத்தைப் பிறர் அறியச் சொன்னவர்கள் அதன்பின் குறைவாக உழைத்ததை, முன்பு சொன்ன கோல்விட்சரின் 2009ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது. பாதி அடைந்துவிட்டது போன்ற நிறைவு வந்துவிடுகிறது. அத்துடன் நம் ஊரில், அடுத்த விசேஷத்தில் "என்னாச்சு?" என்று பத்துப் பேர் கேட்பார்கள்.

ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அதே தேர்வுக்குப் படிப்பவராக இருந்தால் நல்லது. இரவு 9 மணிக்கு அன்று எழுதிய 25 கேள்வித் தாளின் படத்தை அவருக்கு அனுப்புங்கள். பேச்சு வேண்டாம், படம் போதும்.

ஒரு வாரம் மொத்தமா விட்டுட்டேன். இனிமே எங்க?

முதலில், உங்களை மன்னித்துக்கொள்ளுங்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 2010இல் கனடாவில் முதலாண்டு மாணவர்களிடம் செய்த ஆய்வில், முதல் தேர்வுக்குத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். குற்றவுணர்வு புத்தகத்தின்மேல் உட்கார்ந்துகொள்கிறது. அதைப் பார்க்க விரும்பாமல் புத்தகத்தையும் பார்க்காமல் விடுகிறோம்.

பிறகு, விட்ட இடத்துக்குப் போகாதீர்கள். ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பாடத்திலிருந்து 10 கேள்வி எழுதுங்கள். அடுத்த நாள் பத்து நிமிடப் பாடம். மூன்றாம் நாளிலிருந்து பழைய அட்டவணை, பாக்கிக்கு மேலே சொன்ன 30 நிமிட விதி. ஒரு நாள் தவறினால் பழக்கம் அழிந்துவிடுவதும் இல்லை. பிலிப்பா லாலி குழுவினரின் ஆய்வில் பழக்கம் இயல்பாக அமைய நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை.

அப்படின்னா எதையுமே தள்ளிப்போடக் கூடாதா?

தள்ளிப்போட வேண்டியதும் உண்டு. "தூங்குக தூங்கிச் செயற்பால" என்கிறது 672ஆம் குறள். தாமதித்துச் செய்ய வேண்டியதைத் தாமதித்தே செய் என்று சொல்லிவிட்டு, தாமதிக்கக் கூடாததில் தாமதிக்காதே என்கிறது. குரூப் 2 மெயின்ஸ் புத்தகம் வாங்குவது, கட்-ஆஃப் கணிப்பது, எந்த மாவட்டத்தில் போஸ்டிங் கேட்கலாம் என்று யோசிப்பது எல்லாம் காத்திருக்கட்டும்.

காத்திருக்கக் கூடாதவை தேர்வாணையத்தில் செய்யும் பதிவும் சான்றிதழ்களும். நிரந்தரப் பதிவு 150 ரூபாய், ஐந்தாண்டு செல்லும். உங்களுடையது எப்போது முடிகிறது என்று இன்றே பாருங்கள். சாதிச் சான்றிதழில் பெயரும் தந்தை பெயரும் மதிப்பெண் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு, அதற்குப் படித்த பள்ளியிலிருந்து சான்று வாங்க வேண்டும். இரண்டு மூன்று பள்ளி மாறியவர்கள் ஒவ்வொன்றுக்கும் போக வேண்டியிருக்கும். இந்த அலைச்சலைத் தேர்வு முடிந்து பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, சான்றிதழ் பதிவேற்றும் வாரத்தில் தவிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள்.

ரெண்டு வருஷமா இப்படியே இருக்கேன். படிப்பு மட்டுமில்ல, எதுலயுமே பிடிப்பில்ல. தூக்கமும் சரியில்ல.

அப்படியானால் டைமரும் அட்டவணையும் உங்களுக்கான முதல் மருந்து அல்ல. முன்பு பிடித்த எதுவும் பிடிக்காமல் போவது, தூக்கமும் பசியும் கெடுவது, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே நீடிப்பது மனச்சோர்வின் அடையாளமாக இருக்கலாம். சிறு வயதிலிருந்தே எந்த வேலையிலும் கவனம் நிற்காமல், பொருளைத் தொலைத்துக்கொண்டு, பாதியில் விட்டுக்கொண்டே இருந்தவர்களுக்குக் கவனக் குறைபாடு இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இன்றே, இப்போதே அழையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

நான் தள்ளிப்போடுறேனா, இல்ல எனக்கு இந்த வேலையே வேண்டாமா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதினான்கு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் 20 நிமிடம், டம்ளர் கழுவியதும், அதே நாற்காலியில். உட்காரும் முன் எவ்வளவு கசக்கிறது என்பதை பத்துக்கு ஓர் எண்ணாகவும், முடித்து எழும்போது எவ்வளவு கசக்கிறது என்பதை இன்னோர் எண்ணாகவும் குறியுங்கள். முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருந்தால் உங்களுடையது தொடங்கும் சிக்கல்தான். இதுவரை சொன்ன வழிகள் உதவும். பதினான்கு நாளும் எழும்போதும் அதே கசப்பு என்றால் இன்னொரு கேள்வி கேளுங்கள்: வேலை கிடைத்துவிட்டது, யாரும் பாராட்டப்போவதில்லை, தாலுகா அலுவலகத்தில் காலை முதல் மாலை வரை கோப்பு பார்க்க வேண்டும். அந்த நாளை நினைத்தால் எப்படி இருக்கிறது?

அதுவும் கசந்தால், வேறு வேலை தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த முடிவையும் தேதி குறித்து எடுங்கள். பதினைந்தாம் நாள் காலை, நோட்டில் உள்ள 28 எண்களையும் பார்த்துவிட்டு, தொடர்கிறேன் அல்லது விடுகிறேன் என்று ஒரு வரி எழுதி, வீட்டில் சொல்லிவிடுங்கள். படிக்கவும் இல்லாமல் விடவும் இல்லாமல் புத்தகத்தை மேசையில் வைத்திருக்கும் வருடங்கள்தான் மனிதரை அதிகம் களைக்க வைக்கின்றன.